திரையில் ஒரு வெள்ளோட்டம்: வேகமும் வேண்டும், நுட்பமும் வேண்டும்

(சி.என்.சி. இயந்திரங்களுக்கான சிமுலேஷன் மென்பொருள் குறித்துத் தொலைக்காட்சிக் கருத்துமேடையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

கோயிலுக்குப் புதிய தேர் செய்து முடித்தவுடன் அதைத் திருவிழாவுக்கு இழுத்துவிடுவதில்லை. சாமியை ஏற்றாமல் வெறுந்தேரை வீதியில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார்கள். அச்சு தாங்குகிறதா, சக்கரம் ஒழுங்காக உருள்கிறதா, தெருத் திருப்பத்தில் எங்காவது இடிக்கிறதா என்று அறிந்துகொள்ளவே அந்த ஓட்டம். அதற்கு வெள்ளோட்டம் என்று பெயர்.

உலோகம் வெட்டும் பட்டறைகளிலும் இன்று அப்படி ஒரு வெள்ளோட்டம் நடக்கிறது. பினாங்கு பாயான் லெப்பாஸிலும் சரி, சிங்கப்பூர் ஜூரோங்கிலும் சரி, கணினி வழி இயங்கும் சி.என்.சி. இயந்திரங்களை வைத்திருக்கும் பட்டறைகளில் நிரலை இயந்திரத்திற்கு அனுப்புவதற்கு முன் திரையில் ஓட்டிப் பார்ப்பார்கள். வெட்டுக்கருவி எந்த வழியாகப் போகிறது, எங்கே உலோகத்தைச் சீவுகிறது, எங்கே இடிக்கக்கூடும் என்பதை மென்பொருள் படமாகக் காட்டும். இதைத்தான் சிமுலேஷன் என்கிறார்கள்.

இந்தத் திரை வெள்ளோட்டத்தில் இரண்டு குறைகள் அடிக்கடி சொல்லப்படுகின்றன. ஒன்று, மெதுவாக ஓடுகிறது. மற்றொன்று, திரையில் கண்டதும் கையில் வந்ததும் ஒன்றாக இல்லை. வேகத்தைக் கூட்டினால் நுட்பம் குறைகிறது. நுட்பத்தைக் கூட்டினால் வேகம் குறைகிறது. அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இவ்வுரையின் நோக்கம்.

காகித நாடாவிலிருந்து கணினித் திரைக்கு

எண்களைக் கொண்டு இயந்திரத்தை இயக்கும் எண்ணம், ஹெலிகாப்டரின் சுழலும் இறக்கைகளைத் துல்லியமாகச் செய்ய வேண்டிய தேவையிலிருந்து பிறந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் பார்சன்ஸ் அதற்கு வித்திட்டார். எம்.ஐ.டி. எனப்படும் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடம் 1952-ஆம் ஆண்டில் மூன்று அச்சுகளில் அசையும் மில்லிங் இயந்திரம் ஒன்றை மக்கள் முன் இயக்கிக் காட்டியது. துளையிட்ட காகித நாடாதான் அதன் நிரல். 1959-இல் அதே கழகம் ஏப்டி எனும் நிரல் மொழியை அறிமுகப்படுத்தியபோது, அம்மொழியின் உதவியால் வெட்டப்பட்ட அலுமினியச் சாம்பல் கிண்ணங்களைச் செய்தியாளர்களுக்குக் கொடுத்தது.

அந்தக் காலத்தில் நிரலைச் சோதிக்கும் வழி என்ன? வெட்டுக்கருவிக்குப் பதிலாகப் பேனாவைப் பொருத்திக் காகிதத்தில் கோடு போட்டுப் பார்ப்பார்கள். அல்லது மெழுகிலும் மரத்திலும் நுரைக்கட்டியிலும் ஒருமுறை வெட்டிப் பார்ப்பார்கள். அதுவும் இல்லையென்றால் கருவியை உலோகத்திற்கு மேலே உயர்த்தி, காற்றில் ஓட்டிப் பார்ப்பார்கள். இவை நம்பகமான வழிகள்தாம். ஆனால் அத்தனை நேரமும் இயந்திரம் சம்பாதிக்காமல் நிற்கும்.

கணினி வந்த பிறகு இந்தச் சோதனை திரைக்கு மாறியது. 1986-இல் டிம் வான் ஹூக் என்பவர், உலோகம் சீவப்படுவதை உடனுக்குடன் நிழல் படமாகத் திரையில் காட்டும் முறையை வெளியிட்டார். 1988-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட சிஜிடெக் நிறுவனத்தின் வெரிகட் மென்பொருள், இத்துறையில் பலரும் அறிந்த பெயராக வளர்ந்தது. இன்றோ, கேமோட்டிக்ஸ், ஃப்ரீகேட் போன்ற இலவச மென்பொருள்களைக் கொண்டே ஒரு மாணவர் தம் வீட்டுக் கணினியில் மூன்று அச்சு வெட்டை ஓட்டிப் பார்த்துவிட முடிகிறது.

மெதுவானால் என்ன கெட்டுவிடும்?

வேகம் என்பது வெறும் வசதி என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. ஒரு பட்டறையை எண்ணிப் பாருங்கள். மாலை மணி ஆறு. மறுநாள் காலையில் ஒப்படைக்க வேண்டிய பிளாஸ்டிக் அச்சு ஒன்று இயந்திரத்தில் பாதி வெட்டிய நிலையில் இருக்கிறது. கடைசி நேரத்தில் நிரலில் ஒரு சிறு திருத்தம். முழுச் சிமுலேஷனையும் மீண்டும் ஓட்டினால் 40 நிமிடம் பிடிக்கும். முதலாளி பின்னால் நிற்கிறார். “ஒரு வரிதானே மாற்றியிருக்கிறது” என்று பணியாளர் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு பொத்தானை அழுத்திவிடுகிறார்.

விபத்து நேர்வது பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான். கருவி முறியலாம், பல நாள் உழைத்த எஃகுக் கட்டி வீணாகலாம், கருவியைச் சுழற்றும் ஸ்பிண்டில் பழுதாகி இயந்திரம் வாரக் கணக்கில் நிற்கலாம். முறிந்த துண்டு கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே வந்தால் ஆளுக்கே ஆபத்து.

ஆகவே மெதுவான சிமுலேஷன், நாளடைவில் யாரும் ஓட்டாத சிமுலேஷன் ஆகிவிடும். எவ்வளவு நுட்பமான மென்பொருளாக இருந்தாலும், அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விட்டால் என்ன பயன்? அந்த வகையில் வேகமும் பாதுகாப்பின் ஒரு பகுதியே ஆகும்.

கணினி உலோகத்தை எப்படிப் பார்க்கிறது?

ஏன் மெதுவாகிறது என்பதை அறிய, மென்பொருளின் உள்ளே சற்று எட்டிப் பார்க்க வேண்டும். மனிதக் கண்ணுக்கு ஓர் அலுமினியக் கட்டி ஒரே பொருள். கணினிக்கோ அது எண்களின் குவியல். எளிய முறை, கட்டி முழுவதையும் சீனிக் கட்டிகளை அடுக்கியதுபோல் சிறுசிறு கனசதுரங்களாகப் பிரித்துக்கொள்வது. கருவி கடந்து செல்லும் இடத்தில் உள்ள கனசதுரங்கள் அழிக்கப்படும். மீதி இருப்பதே வெட்டிய பொருள்.

கணக்கைப் பாருங்கள். நீளம் 100 மி.மீ., அகலம் 100 மி.மீ., உயரம் 50 மி.மீ. கொண்ட கட்டி. ஒவ்வொரு கனசதுரமும் 1 மி.மீ. என்றால் மொத்தம் 500,000. அதைப் பாதியாக்கி 0.5 மி.மீ. என்று வைத்தால் 4 மில்லியன். பக்கம் பாதியானால் எண்ணிக்கை இரு மடங்கு ஆவதில்லை. எட்டு மடங்கு ஆகிறது. 0.1 மி.மீ.க்கு இறங்கினால் 500 மில்லியன். அச்சுத் தொழிலில் அன்றாடம் பேசப்படும் 0.01 மி.மீ. நுட்பத்திற்கு இறங்கினால் 500 பில்லியன்! இத்தனைக்கும் இது உள்ளங்கை அளவுக் கட்டிதான். ‘நுட்பத்தைப் பத்து மடங்கு கூட்டு’ என்று கேட்பவர், தம்மை அறியாமலேயே ஆயிரம் மடங்கு வேலையைக் கேட்கிறார்.

குச்சிகளும் குட்டிப் பெட்டிகளும்

இந்தச் சுமையைக் குறைக்க அறிஞர்கள் சில வழிகளைக் கண்டார்கள். முதலாவது, கட்டியைக் கனசதுரங்களாகப் பார்க்காமல், நெருக்கமாக நட்டுவைத்த குச்சிகளாகப் பார்ப்பது. கருவி வரும்போது குச்சியின் உயரம் குறையும், அவ்வளவே. அதே கட்டியை 0.1 மி.மீ. இடைவெளியில் குச்சிகளாக வைத்தால் மொத்தம் ஒரு மில்லியன் குச்சிகள் போதும். 500 மில்லியன் எங்கே, ஒரு மில்லியன் எங்கே! தவிர, குச்சியின் உயரத்தைத் தசம எண்ணாகவே எழுதிவைக்கலாம் என்பதால், ஆழம் மிக நுட்பமாகக் கிடைக்கும்.

ஆனால் எந்த வசதிக்கும் ஒரு விலை உண்டு. மேலிருந்து பார்க்கும் பரப்பில் குச்சிகள் அருமையாக வேலை செய்யும். செங்குத்தான பக்கச் சுவரிலோ குச்சிகளுக்கு இடைப்பட்ட 0.1 மி.மீ. என்ன ஆனது என்று தெரியாது. பொருளின் அடிப்பக்கம் குடைந்து வெட்டப்பட்டால், உயரம் மட்டுமே தெரிந்த குச்சி அதைச் சொல்லாது. இதனால்தான் நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்று திசைகளிலும் குச்சிகளை நட்டு, ஒவ்வொன்றிலும் எந்தெந்தத் துண்டு மிஞ்சியிருக்கிறது என்று குறித்துவைக்கும் முறை வந்தது. ஒரு திசைக் குச்சிக்குத் தெரியாததை மற்றொரு திசைக் குச்சி சொல்லிவிடும்.

இரண்டாவது வழி, தேவையான இடத்தில் மட்டும் பிரிப்பது. கட்டியை முதலில் எட்டுப் பெட்டிகளாகப் பிரிக்க வேண்டும். முழுதாக உலோகம் நிறைந்த பெட்டியையும், முழுதாகக் காலியான பெட்டியையும் அப்படியே விட்டுவிட வேண்டும். வெட்டுப் பரப்பு கடந்து செல்லும் பெட்டியை மட்டும் மீண்டும் எட்டாகப் பிரிக்க வேண்டும். இப்படியே தொடர்ந்தால், வேலை எல்லாம் மேற்பரப்பில்தான் நடக்கும். எடுத்துக்காட்டாகச் சொன்ன கட்டியின் மொத்த மேற்பரப்பு 40,000 சதுர மி.மீ. 0.1 மி.மீ. நுட்பத்தில் அதற்கு ஏறத்தாழ 4 மில்லியன் குட்டிப் பெட்டிகள் போதும். உள்ளே இருக்கும் உலோகத்தைப் பற்றிக் கணினி கவலைப்பட வேண்டியதில்லை.

வட்டம் உண்மையில் வட்டமா?

நுட்பம் குறைவதற்குக் கட்டி மட்டும் காரணமன்று, பாதையும் காரணம். திரையில் வட்டமாகத் தெரியும் பாதையைப் பல மென்பொருள்கள் சிறுசிறு நேர்க்கோடுகளாகத்தான் கையாளுகின்றன. 50 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தில் ஒவ்வொரு கோடும் 2 மி.மீ. நீளம் என்றால், உண்மையான வளைவுக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளி 0.01 மி.மீ. கோட்டை 1 மி.மீ. ஆகப் பாதியாக்கினால் பிழை 0.0025 மி.மீ. ஆகிவிடும். அதாவது வேலை இரு மடங்கு. பிழையோ நான்கில் ஒரு பங்கு.

இங்கே ஒரு பாடம் இருக்கிறது. கனசதுரத்தைப் பாதியாக்கினால் எட்டு மடங்கு வேலை. கோட்டைப் பாதியாக்கினால் இரண்டு மடங்கு வேலைதான். கைக்கு எளிதான இந்த இடத்தைக் கவனிக்காமல், எல்லாவற்றையும் நுட்பமாக்கப் புறப்பட்டால் கணினி திணறத்தான் செய்யும். அதேபோல், பாதையை 0.05 மி.மீ. பிழையோடு உடைத்துவிட்டு, கட்டியை 0.01 மி.மீ. நுட்பத்தில் ஓட்டுவதும் வீண். பிழைகளில் பெரியது எதுவோ, அதுவே மொத்த நுட்பத்தையும் தீர்மானிக்கும்.

வேகம் கூட்டும் வழிகளும் ஒரு பொறியும்

மென்பொருள் எழுதுவோர் வேகத்தைக் கூட்டப் பல உத்திகளைக் கையாளுகின்றனர். கருவியின் ஓர் அசைவு கட்டியின் எந்தப் பகுதியைத் தொடக்கூடும் என்று முதலில் கணித்து, அந்தப் பகுதியை மட்டும் பார்ப்பது ஒன்று. ஒவ்வொரு கருவி மாற்றத்தின்போதும் கட்டியின் நிலையைச் சேமித்துவைப்பது மற்றொன்று. ஏழாவது கருவியின் நிரலில் திருத்தம் செய்தால், ஆறாவது கருவி முடித்த இடத்திலிருந்து ஓட்டினால் போதும். முன்பு சொன்ன மாலை ஆறு மணிப் பணியாளருக்கு இந்த ஒரு வசதி இருந்திருந்தால், 40 நிமிடம் சில நிமிடங்களாகச் சுருங்கியிருக்கும்.

இன்னொன்று, வேலையைப் பங்கு போடுவது. இன்றைய கணினிகளில் ஒன்றுக்கும் மேற்பட்ட செயலிகள் இணைந்திருக்கின்றன. விளையாட்டுகளுக்காக வந்த வரைகலை அட்டைகளோ ஆயிரக்கணக்கான சிறு கணக்குகளை ஒரே நேரத்தில் போடவல்லவை. கட்டியைப் பகுதிகளாகப் பிரித்து ஆளுக்கு ஒரு பகுதி கொடுத்துவிட்டால், பத்துப் பேர் சேர்ந்து கோலம் போடுவதுபோல் வேலை விரைவில் முடியும். கடைசியில் கிடைக்கும் வடிவம், எந்த அசைவு முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்பதைப் பொறுத்ததன்று. எந்த வரிசையில் சீவினாலும் சீவியது சீவியதுதான். ஆகவே வரிசையைப் பற்றிக் கவலைப்படாமல் ஒவ்வொரு செயலியும் தன் பகுதியை முடித்துவிடலாம்.

பொறி இங்கேதான் இருக்கிறது. இறுதி வடிவத்திற்கு வரிசை தேவையில்லை. மோதலைக் கண்டுபிடிக்கவோ வரிசைதான் உயிர்நாடி. கருவி வெட்டாமல் விரைந்து பாயும் அந்தக் கணத்தில், அந்த இடத்தில் உலோகம் இருந்ததா, ஏற்கெனவே சீவப்பட்டுவிட்டதா? அதற்கு விடை சொல்ல, அதற்கு முன் நடந்த அசைவுகள் அனைத்தும் முறைப்படி கணக்கிடப்பட்டிருக்க வேண்டும். இறுதிப் படம் அழகாக வந்துவிட்டது என்பதற்காக, நடுவழியில் இடிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. வேகத்திற்காக வரிசையை விட்டுவிட்ட மென்பொருளிடம் மோதலைப் பற்றிக் கேட்கக் கூடாது.

மூன்று கேள்விகள், மூன்று ஓட்டங்கள்

ஆக, ‘வேகமா, நுட்பமா’ என்ற கேள்வியே முழுமையானதன்று. ‘இப்போது சிமுலேஷனிடம் என்ன கேட்கப்படுகிறது?’ என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

எங்காவது இடிக்குமா என்பது முதல் கேள்வி. இதற்கு மிகுந்த நுட்பம் தேவையில்லை. 1 மி.மீ. அளவே போதும். ஆனால் முழு இயந்திரமும் படத்தில் இருக்க வேண்டும்: கருவி, அதைப் பிடிக்கும் ஹோல்டர், கட்டியை இறுக்கும் வைஸ், கிளாம்ப், மேசை எல்லாம். தவிர, பரும்படியான கணக்கு எப்போதும் எச்சரிக்கையின் பக்கமே சாய வேண்டும். 1 மி.மீ. கனசதுரத்தின் மூலைக்கு மூலை தூரம் ஏறத்தாழ 1.73 மி.மீ. ஆகவே ஹோல்டரைச் சுற்றி 2 மி.மீ. கூடுதலாகத் தடித்ததாக எண்ணி ஓட்டினால், தவறினாலும் வீண் எச்சரிக்கையாகத்தான் தவறும். மென்பொருள் சந்தேகப்பட்ட இடங்களை மட்டும் பிறகு நுட்பமாக ஓட்டிப் பார்க்கலாம்.

வெட்டிய வடிவம் வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா என்பது இரண்டாவது கேள்வி. இங்கேதான் நுட்பம் தேவை. அதுவும் முக்கியமான பரப்புகளில் மட்டும். இதைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. 100 மி.மீ. பொருள் திரையில் 1,000 புள்ளி அகலத்தில் தெரிந்தால், ஒரு புள்ளிக்கு 0.1 மி.மீ. அந்தப் படத்தில் 0.02 மி.மீ. ஆழக் கீறல் எப்படித் தெரியும்? போதாக்குறைக்கு, படம் அழகாக இருக்க வேண்டும் என்று மென்பொருளே விளிம்புகளை மெருகேற்றிக் காட்டும். பளபளப்பான படம் நுட்பமான படம் ஆகிவிடாது. வரைபடத்தையும் வெட்டையும் ஒப்பிட்டு, எங்கே எத்தனை மில்லிமீட்டர் மிகுதி, எங்கே குறைவு என்று நிறத்தாலும் எண்ணாலும் காட்டும் ஒப்பீட்டையே நம்ப வேண்டும்.

எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது மூன்றாவது கேள்வி. வாடிக்கையாளருக்கு விலை சொல்ல இது வேண்டும். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வரும் என்று சில மென்பொருள்கள் கணக்குப் போடுகின்றன. நிமிடத்திற்கு 6,000 மி.மீ. வேகம், கோடு ஒவ்வொன்றும் 0.1 மி.மீ. என்றால், இயந்திரம் ஒரு விநாடிக்கு 1,000 வரிகளைப் படித்து இயங்க வேண்டும். அதற்கு ஈடுகொடுக்க முடியாத இயந்திரம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டியைப்போல் வேகம் தணிந்து, மீண்டும் பிடிக்க வேண்டும். திரையில் 10 நிமிடம் என்றது பட்டறையில் அதற்கு மேல் ஓடுவது இதனால்தான்.

திரை பொய் சொல்லும் இடங்கள்

இத்தனையும் சரியாக இருந்தும் திரை பொய் சொல்லக்கூடிய இடங்கள் உண்டு. அவற்றில் சிலவற்றை இயந்திரத்தோடு பழகியவர்கள் நன்கறிவார்கள்.

ஜி0 என்ற கட்டளை, வெட்டாமல் விரைந்து நகரச் சொல்வது. திரையில் அது நேர்க்கோடாகத் தெரியும். பல இயந்திரங்களில் உண்மை வேறு. ஒவ்வோர் அச்சும் தன் முழு வேகத்தில் கிளம்பும். குறைந்த தூரம் போக வேண்டிய அச்சு முதலில் நின்றுவிடும். இரு அச்சுகளின் வேகமும் ஒன்றே என்று கொள்வோம். குறுக்கே 200 மி.மீ., நெடுக்கே 50 மி.மீ. போகச் சொன்னால், கருவி முதலில் சாய்வாக 50-க்கு 50 போய்ச் சேர்ந்து, பிறகு நேராக 200-க்குப் போகும். நேர்க்கோட்டில் போயிருந்தால் குறுக்கே 50 மி.மீ. கடக்கும்போது நெடுக்கே 12.5 மி.மீ.தான் நகர்ந்திருக்கும். வித்தியாசம் 37.5 மி.மீ. அந்த இடத்தில் ஒரு கிளாம்ப் நின்றால், திரையில் தப்பியது பட்டறையில் இடிக்கும்.

அடுத்தது தசமப் புள்ளி. சில கட்டுப்பாட்டுக் கருவிகளில் எக்ஸ் 100 என்று புள்ளியில்லாமல் எழுதினால், அதை 100 மி.மீ. என்று கொள்ளாமல் 100 மைக்ரான், அதாவது 0.1 மி.மீ. என்று இயந்திரம் எடுத்துக்கொள்ளும். சிமுலேஷன் அதே எண்ணை 100 மி.மீ. என்று படித்தால், இரண்டும் இரு வேறு ஊர்களுக்குப் போகும்.

மூன்றாவது, எந்த நிரல் ஓட்டிப் பார்க்கப்படுகிறது என்பது. வடிவமைப்பு மென்பொருள் முதலில் தனக்குள் ஒரு பாதையை அமைக்கிறது. பிறகு அது ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஏற்ற ஜி-கோட் நிரலாக மொழிபெயர்க்கப்படுகிறது. பலர் மொழிபெயர்ப்புக்கு முந்திய பாதையை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைகின்றனர். மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழை அதில் தெரியாது. இயந்திரத்திற்குப் போகும் அதே கோப்பை, எழுத்து மாறாமல் ஓட்டிப் பார்ப்பதே முறை.

நான்காவது, சொல்லாத செய்தி. கருவியின் நீளம் திரையில் 80 மி.மீ.; பணியாளர் பொருத்தியது 75 மி.மீ. கட்டியின் உயரம் திரையில் 50 மி.மீ.; அறுத்து வந்தது 53 மி.மீ. இத்தகைய தவறுகளுக்கு மென்பொருள் என்ன செய்யும்? கொடுத்த எண்ணுக்கு அது சரியான விடையைத்தான் கொடுத்தது.

திரைக்கே தெரியாதவை

கடைசியாக, பெரும்பாலான சிமுலேஷன்கள் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாத சில உண்மைகள் இருக்கின்றன. அளவெடுப்புக்கு உலகம் ஏற்றுக்கொண்ட வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். மலேசியாவில் குளிரூட்டி இல்லாத பட்டறையில் 30 பாகை என்பது அன்றாட வெப்பம். அந்தப் பத்துப் பாகை வேறுபாட்டில் 100 மி.மீ. அலுமினியம் ஏறத்தாழ 0.023 மி.மீ. நீளும். 0.01 மி.மீ. நுட்பத்திற்காகக் கணினியை இரவெல்லாம் ஓடவிட்டவர், வெப்பமானியைப் பார்க்கத் தவறினால் அத்தனை உழைப்பும் காற்றோடு போகும்.

கருவியும் வளையும். ஹோல்டரிலிருந்து வெளியே நீட்டியிருக்கும் நீளத்தை இரு மடங்காக்கினால், அதே விசைக்கு எட்டு மடங்கு வளையும். கருவியின் விட்டத்தைப் பாதியாக்கினால் பதினாறு மடங்கு வளையும். ஆழமான குழியை மெல்லிய நீளக் கருவியால் வெட்டும்போது, திரையில் நேராக நின்ற சுவர் கையில் சாய்வாக வருவதன் காரணம் இதுவே. கருவியின் தேய்மானம், அதிர்வு, சீவல் சிக்கிக்கொள்வது ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிமுலேஷனே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. வெள்ளோட்டம் விட்ட தேரும் திருவிழா அன்று மக்கள் கூட்டத்தில், மழை பெய்த மண்ணில் வேறு மாதிரி நடந்துகொள்ளலாம். அதற்காக வெள்ளோட்டத்தை யாரும் கைவிடவில்லை. எது சோதிக்கப்பட்டது, எது சோதிக்கப்படவில்லை என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

இளைஞர்கள் செய்ய வேண்டியது

இத்துறையில் கால் வைக்கும் தமிழ் இளைஞர்கள் சில பழக்கங்களைத் தொடக்கத்திலேயே கைக்கொள்வது நல்லது. ஓட்டுவதற்கு முன், திரையில் உள்ள கருவி நீளமும் கட்டியின் அளவும் கையில் உள்ளவையா என்று அளந்து பார்க்க வேண்டும். முதலில் பரும்படியாக முழு நிரலையும் வரிசை மாறாமல் ஓட்டி, மோதல் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். பிறகு முக்கியப் பரப்புகளை மட்டும் நுட்பமாக ஓட்டி, ஒப்பீட்டு எண்களைப் படிக்க வேண்டும். ஒரு வரியை மாற்றினாலும், மாற்றிய இடத்திலிருந்து இறுதிவரை மீண்டும் ஓட்ட வேண்டும். முதல் பொருளை வெட்டும்போது வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு வரியாக நிறுத்தி, கையை நிறுத்தும் பொத்தானுக்கு அருகில் வைத்திருக்க வேண்டும். வெட்டிய பொருளை அளந்து, திரை சொன்னதோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். சில மாதங்களில் அந்த நோட்டு, எந்த மென்பொருளும் தராத அறிவைத் தரும்.

பொத்தானை அழுத்தத் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். திரையில் தெரியும் படத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஒப்பனை என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் சிலரே. பட்டறைகள் தேடுவது அந்தச் சிலரைத்தான்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பதறாமல் இருப்பதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுப்பது வேகமான மென்பொருள். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்றும் சொல்வார்கள். தீர விசாரிப்பதற்கு நுட்பம் வேண்டும். அதில் பாதியை மென்பொருள் தரும். மீதிப் பாதியை, கையில் அளவுகருவியோடு இயந்திரத்தின் முன் நிற்கும் மனிதர்தான் தர வேண்டும்.